சுருக்குப்பையும் கருவின் மூளையும்

போன மாதம் குடியாத்தத்தில் என் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கி முடிந்து, கலந்த சாதத்தை இலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பேச்சு குழந்தையின் மூளை பக்கம் போனது. "அஞ்சாம் மாசத்துலதான் மூளை வர ஆரம்பிக்கும், அதுக்குத்தானே அப்போ பெரிய ஸ்கேன் எடுக்கறாங்க" என்றார் பெரியம்மா ஒருவர். "அதெல்லாம் ஜீன்ல எழுதியிருக்கும் பெரியம்மா, தானா வந்துடும்" என்றான் காலேஜ் படிக்கும் பையன். பலூன் ஊதுகிற மாதிரி சின்ன மூளை பெரிதாகிக்கொண்டே போகும் என்று இன்னொருவர் சொன்னார். எங்கள் வேலூர்ப் பக்கம் ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஆஸ்பத்திரிப் பேச்சும் இல்லாத வீடு கிடையாது, ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறோம்.

நான் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். என் மாணவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். ஜீன் என்பது எந்தப் புரதத்தை எப்போது, எங்கே, எவ்வளவு செய்ய வேண்டும் என்ற குறிப்பு. அதில் மூளையின் படம் எங்கேயும் வரையப்பட்டிருக்கவில்லை. அந்தப் புரதங்களில் சில, செல்லுக்குள்ளே கயிறாகவும் கம்பாகவும் மாறி இழுத்துத் தள்ளி வேலை செய்வதால்தான் மூளைக்கு வடிவம் கிடைக்கிறது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைத்தான் எழுதப்போகிறேன். உயிரியல் படிக்காதவர்களும் தொடர்ந்து வரலாம்.

எலும்புக்கூடு இல்லை, பந்தல்

செல்லுக்குள் இருக்கும் இந்தக் கயிறு, கம்பு அமைப்புக்குச் செல் சட்டகம் என்று பெயர். சைட்டோஸ்கெலிட்டன் என்றும் சொல்வார்கள். பெயரில் 'ஸ்கெலிட்டன்' இருப்பதால் செல்லுக்குள் எலும்புக்கூடு மாதிரி ஏதோ அசையாமல் நிற்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வைகாசி முதல் தேதி எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்குப் பந்தல் போடுவதைப் பாருங்கள். மூங்கில் நிமிர்ந்து நிற்கும், கயிறு இழுத்துப் பிடிக்கும், மேலே போட்ட கீற்று காற்றைத் தாங்கும். செல்லுக்குள்ளும் இப்படி மூன்று வகை இழைகள் உண்டு. மூங்கில் மாதிரி உள்ளீடற்று விறைப்பாக நிற்பது நுண்குழல். டியூபுலின் என்ற புரத மணிகள் அடுக்கிச் சேர்ந்தது, பருமன் சுமார் 25 நானோமீட்டர். கயிறு மாதிரி மெல்லியது ஆக்டின் இழை, சுமார் 7 நானோமீட்டர். இரண்டுக்கும் நடுவே, கிழியாமல் தாங்கும் வலை மாதிரி இருப்பது இடைநிலை இழை, சுமார் 10 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் அகலத்தில் ஏறக்குறைய 10,000 ஆக்டின் இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்கலாம்.

ஆனால் கோயில் பந்தல் திருவிழா முடியும்வரை அப்படியே நிற்கும். செல்லின் பந்தல் நின்றுகொண்டிருக்கும்போதே பிரிந்து பிரிந்து மறுபடி கட்டப்படும். ஆக்டின் இழையின் ஒரு முனையில் மணிகள் சேர்ந்துகொண்டிருக்க, மறுமுனையில் கழன்று விழும். நுண்குழல் இன்னும் வேகம். நன்றாக நீண்டுகொண்டே போகும், திடீரென்று முனை பிரிந்து மளமளவென்று சுருங்கும், அப்புறம் மறுபடி நீளும். இந்தத் தன்மையை 1984இல் டிம் மிச்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் எடுத்துக் காட்டினார்கள். நிரந்தரமாக நிற்கும் ஒன்றை வைத்துக்கொண்டு நாளுக்கு நாள் மாறும் ஒரு கருவைக் கட்ட முடியாது. அதனால் இந்தப் பிரிந்து கட்டும் குணம்தான் முக்கியம், அதை மட்டும் மறக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

இங்கே நம் ஊர்ச் சங்கதி ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். அதன் கிழங்கைக் கண்வலிக்கிழங்கு என்போம், தின்றால் உயிரைப் பறிக்கும் விஷம். அந்த விஷத்தின் பெயர் கோல்சிசின். அது செல்லுக்குள் போய் டியூபுலின் மணிகளைப் பிடித்துக்கொள்ளும், நுண்குழல் கட்ட விடாது. அமெரிக்காவில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் இந்தக் கோல்சிசினை வைத்து, அது செல்லுக்குள் எதைப் போய்ப் பிடிக்கிறது என்று தேடினார்கள். 1967இல் வெளியான அந்த ஆய்வில்தான் டியூபுலின் அகப்பட்டது. கோல்சிசினைப் பிடிக்கும் புரதம் மூளைத் திசுவில் ஏராளமாக இருந்ததையும் அவர்கள் பார்த்தார்கள். மூளைக்கு நுண்குழல் எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இதுவரை பார்த்தது: செல்லுக்குள் கம்பு உண்டு (நுண்குழல்), கயிறு உண்டு (ஆக்டின்), வலை உண்டு (இடைநிலை இழை). மூன்றும் கட்டிப் பிரிக்கக்கூடியவை, குறிப்பாக முதல் இரண்டும்.

தட்டையான இலை குழலாவது எப்படி

மூளை முதலில் உருண்டையாக இருக்காது. அது ஒரு தட்டையான தகடு. கருத்தரித்த மூன்றாவது வாரத்தில், பிற்பாடு தோலாகப் போகும் அதே மேல்படையின் நடுவில் ஒரு பட்டை தடிக்கிறது. இதற்கு நரம்புத் தகடு என்று பெயர். இந்தத் தகட்டின் இரு ஓரமும் எழும்பி, வளைந்து, ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொண்டு ஒரு குழலாகிறது. அதுதான் நரம்புக்குழல். அதன் தலைப்பக்கம் மூளையாகும், மீதி தண்டுவடமாகும்.

எங்கள் பக்கம் பீடி சுற்றும் வீடுகள் நிறைய. மடியில் முறம், ஈரப்படுத்திய இலை, தகர அச்சு வைத்து கத்தரியால் வெட்டிய துண்டு, தூளைப் பரப்பி விரலால் ஒரு சுற்று. தட்டையான இலை கண் இமைப்பதற்குள் குழலாகிவிடும். நரம்புத் தகடும் அதேபோல்தான் சுருள்கிறது. ஆனால் பீடி இலையைச் சுற்ற ஒரு விரல் வெளியே இருக்கிறது, கருவுக்கு வெளியே எந்த விரலும் இல்லை. அப்படியென்றால் சுற்றுவது யார்?

ஒவ்வொரு செல்லும் தன்னைத்தானே கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது. முதலில் உயரமாகிறது: நுண்குழல்கள் மேலும் கீழுமாக வரிசையாக நிற்க, சதுரமாக இருந்த செல் ஒல்லியாக, நெட்டையாக ஆகிறது. அப்புறம்தான் முக்கியமான வேலை. செல்லின் மேல்முனையைச் சுற்றி ஆக்டின் இழைகள் ஒரு வளையமாகக் கட்டியிருக்கும். மயோசின் என்ற இன்னொரு புரதம் அந்த இழைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கி இழுக்கும். நம் தசை சுருங்குவதும் இதே ஜோடியால்தான். வளையம் இறுக, செல்லின் வாய் சுருங்குகிறது.

வெற்றிலைப் பாக்கு வைக்கும் சுருக்குப்பை இதுதான். என் பாட்டி இடுப்பில் செருகியிருந்த பை இப்போது என்னிடம் இருக்கிறது, வகுப்புக்கும் எடுத்துக்கொண்டு போவேன். இரண்டு பக்கமும் நாடாவை இழுத்தால் வாய் சுருங்கும், அடிப்பக்கம் உப்பும். இப்போது நூறு சுருக்குப்பைகளை ஒன்றோடொன்று தைத்து ஒரு பாயாக விரித்து, எல்லா நாடாக்களையும் ஒரே நேரத்தில் இழுத்ததாக நினைத்துப் பாருங்கள். மேல்பக்கம் குறுகும், அடிப்பக்கம் அகலமாகவே இருக்கும், பாய் வேறு வழியில்லாமல் மேல்நோக்கி வளையும். வட்டக் கிணறு கட்டும்போது ஒரு பக்கம் குறுகலான செங்கல் வைத்தால் சுவர் தானாக வளைந்து போகுமே, அதே கணக்கு. வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால் தடித்த துணி ஒன்றில் ஒரு பக்கமாக மட்டும் ஓட்டுத்தையல் போட்டு நூலை இழுத்துப் பாருங்கள். துணி உங்கள் கையிலேயே சுருளும்.

எந்த நாடாவை எங்கே இழுக்க வேண்டும் என்று சொல்லவும் ஒரு புரதம் இருக்கிறது, பெயர் ஷ்ரூம். இழுக்க வேண்டிய இடத்துக்கு, அதாவது செல்லின் வாய்க்கு, மயோசினை முடுக்கும் பொருளை அழைத்துவந்து நிறுத்துவது இதன் வேலை. ஷ்ரூம் ஜீன் பழுதான எலிக்கருவில் தலைப்பக்கம் குழல் மூடவே இல்லை. உள்ளே மடிய வேண்டிய மூளைத் திசு வெளிப்பக்கமாகக் காளான் மாதிரி விரிந்து நின்றது. 1999இல் வெளிவந்த ஆய்வு அது. காளானுக்கான ஆங்கிலச் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது.

இன்னொரு வேலையும் கூடவே நடக்கிறது. தகடு அகலமாகவே இருந்தால் இரண்டு ஓரமும் தொட்டுக்கொள்ளாது. காட்பாடி ஜங்ஷனில் ரயில் வந்து நின்றதும் பிளாட்பாரம் முழுக்க அகலமாக நின்ற கூட்டம், படிக்கட்டை நெருங்க நெருங்க ஒருவர் நடுவில் ஒருவர் நுழைந்து ஒடுங்கி நீளமாகிவிடும், பார்த்திருப்பீர்கள். செல்களும் அப்படி ஒன்றன் நடுவில் ஒன்று புகுந்து தகட்டை ஒடுக்கி நீட்டுகின்றன. இதற்கும் ஆக்டினும் மயோசினும்தான்.

இனி பெரியம்மா சொன்ன ஐந்தாம் மாதம். நரம்புக்குழலின் தலைப்பக்க வாய் கருத்தரித்த சுமார் 25ஆம் நாளில் மூடுகிறது, வால்பக்க வாய் 28ஆம் நாளை ஒட்டி மூடுகிறது. அப்போது கரு ஓர் எள்ளளவுதான். டாக்டர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்குப் போடுவதால் அட்டையில் இது ஆறு வாரம் என்று வரும். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். பல பெண்களுக்கு அப்போதுதான் சந்தேகமே வருகிறது.

தலைப்பக்கம் மூடாமல் போனால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாகாது, அந்தக் குழந்தை பிழைக்காது. கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகுத்தண்டு பிளவு. ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு முன்பே ஆரம்பிக்கச் சொல்வது இதனால்தான். முன்பு ஒரு குழந்தைக்கு இந்தக் குறை இருந்த தாய்மார்களை வைத்து நடந்து 1991இல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வில், ஃபோலிக் அமிலம் மறுபடி வரும் அபாயத்தை 72 சதவீதம் குறைத்தது. பொதுவாகச் சொல்லும் அளவு தினம் 400 மைக்ரோகிராம். முன்பு இப்படி நேர்ந்தவர்களுக்கு டாக்டர் அதைவிட அதிகம் எழுதுவார். இந்த மாத்திரை கயிற்றை நேராக இழுப்பதில்லை. வேகமாகப் பெருகும் செல்கள் டிஎன்ஏ செய்ய அது வேண்டும். மாத்திரை சாப்பிட்டும் சிலருக்குக் குறை வருவது உண்டு, அதற்காக அந்தத் தாயை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடும் பெண்களுக்கு இந்த அபாயம் கூடும். அவர்கள் கல்யாணப் பேச்சு எழும்போதே நரம்பு டாக்டரிடம் பேசிவிட வேண்டும், மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

சுருக்கமாக: தகடு குழலாவது செல்களின் வாய் சுருங்குவதால். அது முடிவது முதல் மாதத்திலேயே.

பலூன் கதையில் கொஞ்சம் உண்மை

குழல் மூடியதும் தலைப்பக்கம் மூன்று புடைப்புகள் எழும்: முன்மூளை, நடுமூளை, பின்மூளை. குழலுக்குள் திரவம் நிரம்பி உள்ளிருந்து அழுத்துவது மூளை பெரிதாக உதவுகிறது, அந்த அளவில் பலூன் என்று சொன்னவர் தப்புச் சொல்லவில்லை. ஆனால் வெறும் காற்று ஊதினால் பலூன் ஒரே உருண்டையாகத்தான் வரும். இங்கே ஒடுங்கி அங்கே புடைக்க வேண்டுமென்றால் ஒடுங்கும் இடத்தில் ஏதோ ஒன்று இறுக்க வேண்டும். வரிக்குதிரை மீனின் கரு கண்ணாடி மாதிரி இருப்பதால் இதை நேரிலேயே பார்க்க முடிகிறது: நடுமூளைக்கும் பின்மூளைக்கும் இடையில் செல்கள் குட்டையாகின்றன, சில செல்களின் அடிமுனை சுருங்குகிறது. மறுபடியும் அதே சுருக்குப்பை, இந்த முறை வாய் அடிப்பக்கம்.

தபசு மரம் ஏறும் நியூரான்

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது.

குழலின் சுவர் முதலில் மெல்லியது. நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், அந்தச் சுவரின் உள்பக்கத்தில் பிறக்கின்றன. ஆனால் அவை வாழ வேண்டிய இடம் வெளிப்பக்கம், பெருமூளைப் புறணி என்ற மேல்பகுதி. பிறந்த இடத்திலிருந்து வாழும் இடத்துக்கு அவை ஏறிப் போக வேண்டும். ஏறுவதற்குக் கம்பமும் உண்டு: உள்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை நீண்டு நிற்கும் ஆரக் கிளியா செல்கள். குரங்குக் கருவின் மூளையில் நியூரான்கள் இந்தக் கம்பங்களைப் பற்றிக்கொண்டு ஏறுவதை 1970களில் பாஸ்கோ ராகிச் விவரித்தார்.

வட ஆற்காட்டுப் பக்கம் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது அர்ச்சுனன் தபசு பார்த்திருக்கிறீர்களா? உயரமான மரத்தில் வேஷம் கட்டியவர் பாடிக்கொண்டே ஏறுவார். பனை ஏறுபவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்: கை முதலில் மேலே போய் மரத்தைப் பிடிக்கும், உடம்பு அப்போது அங்கேயே நிற்கும், அப்புறம் ஓர் எம்பு, உடம்பு மேலே போகும், கால் வந்து சேரும். பிறகு மறுபடி கை. நியூரானும் வழுக்கிக்கொண்டு சீராகப் போகாது, இப்படித்தான் விட்டு விட்டு ஏறும். முன்னால் ஒரு நீண்ட கிளையை நீட்டும், கரு நின்ற இடத்திலேயே இருக்கும், அப்புறம் ஒரு இழுப்பில் கரு மேலே வரும். (கரு என்று இங்கே சொல்வது செல்லின் நடுவில் டிஎன்ஏவை வைத்திருக்கும் உட்கருவை. குழந்தையை இல்லை.)

அந்த இழுப்புதான் கஷ்டமான வேலை, ஏனென்றால் உட்கரு செல்லிலேயே பெரிய மூட்டை. நுண்குழல்கள் அதைக் கூடைபோலச் சுற்றிப் பிடிக்கும். டைனின் என்ற மோட்டார் புரதம் நுண்குழலின் மேல் நடந்து அந்தக் கூடையை முன்னால் இழுக்கும். பின்பக்கம் ஆக்டினும் மயோசினும் சுருங்கிப் பிதுக்கித் தள்ளும். டைனினோடு சேர்ந்து அதன் வேலையைச் சீராக்கும் புரதம் லிஸ்1. நுண்குழல் பிரிந்துவிடாமல் தாங்கும் புரதம் டபுள்கார்ட்டின்.

இவற்றில் ஒன்று பழுதானால் என்ன ஆகும் என்பதை நோய்களே காட்டிவிட்டன. 17ஆம் குரோமோசோமில் இருக்கும் லிஸ்1 ஜீனின் ஒரு பிரதி போனாலே நியூரான்கள் பாதி வழியில் நின்றுவிடும். மேலே அடுக்கு சரியாக அமையாது, மூளை மடிப்பே இல்லாமல் வழவழவென்று இருக்கும். இதற்கு லிசென்சிஃபாலி என்று பெயர். கிரேக்க மொழியில் லிசோஸ் என்றால் வழவழப்பு. பெரும்பாலும் இது அப்பா அம்மாவிடம் இல்லாமல் அந்தக் குழந்தையிடம் புதிதாக நேர்ந்த பிழை. பரம்பரைத் தோஷம் என்று ஊர் பேசுவது அநியாயம்.

டபுள்கார்ட்டின் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் குழந்தைக்கு ஒரே எக்ஸ்தான், அது பழுதென்றால் மூளை வழவழப்பாகிவிடும். பெண் குழந்தைக்கு இரண்டு எக்ஸ் உண்டு, ஆனால் ஒவ்வொரு செல்லும் அதில் ஒன்றைத்தான் பயன்படுத்தும். நல்ல எக்ஸைப் பயன்படுத்திய நியூரான்கள் உச்சிக்குப் போய்ச் சேரும். பழுதானதைப் பயன்படுத்தியவை நடுவழியில் நின்று, அங்கேயே இரண்டாவதாக ஒரு பட்டை கட்டிவிடும். எம்ஆர்ஐ படத்தில் புறணிக்குக் கீழே இன்னொரு புறணி தெரியும். ஒரே புரதம், ஏறுவது மட்டும் நின்றுபோனது, அதற்கே மூளையின் வடிவம் இப்படி மாறுகிறது. ஜீனில் படம் இல்லை என்று முதலில் சொன்னேனே, நான் இதை வைத்துத்தான் அதை வகுப்பில் புரியவைப்பேன்.

கயிற்றுப் பக்கமும் பிழை வரும். ஆக்டின் இழைகளை முடிச்சுப் போட்டுச் சேர்க்கும் ஃபிலமின் என்ற புரதம் பழுதானால் சில நியூரான்கள் பிறந்த உள்சுவரோரமே முடிச்சு முடிச்சாகத் தங்கிவிடும். இப்படி உள்ள பெண்கள் பலர் சாதாரணமாகப் படித்து வளர்ந்து, வயது வந்தபின் வலிப்பு வந்து ஸ்கேன் எடுக்கும்போதுதான் இது தெரியவரும்.

ஏறுவதில் இன்னொரு விசேஷம்: பின்னால் பிறந்த நியூரான் முன்னால் வந்தவர்களைத் தாண்டி மேலே போய் உட்காரும். அதனால் புறணியின் ஆறு அடுக்குகளில் உள்ளடுக்குகள் மூத்தவை, வெளியடுக்குகள் இளையவை. இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் நடக்கும்.

இதுவரை: கம்பமாக ஆரக் கிளியா, இழுக்க டைனின், அது நடக்கும் பாதையாக நுண்குழல், பின்னாலிருந்து தள்ள ஆக்டினும் மயோசினும்.

கம்பி இழுக்கும் விரல்கள்

இடத்துக்கு வந்து சேர்ந்த நியூரான் அடுத்து மற்ற செல்களோடு இணைய ஒரு நீண்ட கிளையை, ஆக்சானை, அனுப்புகிறது. அதன் முனை விரித்த கை மாதிரி இருக்கும். 1890இல் ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால் கோழிக்கருவில் இதைப் பார்த்து வளர்ச்சிக் கூம்பு என்று பெயர் வைத்தார். காந்தள் இதழை விரலுக்கு ஒப்பிட்ட மரபு நம்முடையது. வளர்ச்சிக் கூம்பின் படத்தைப் பார்த்தால் எனக்கு அந்தப் பூதான் ஞாபகம் வரும். அந்த மெல்லிய விரல்கள் ஆக்டினால் ஆனவை. நீண்டு தடவிப் பார்த்து மடங்கிக்கொள்ளும், வேறு பக்கம் நீளும். எந்த விரல் சரியான சமிக்ஞையைத் தொட்டதோ அந்த விரலுக்குள் பின்னாலிருந்து நுண்குழல் நுழைந்து நிலைகொள்ளும், மற்ற விரல்கள் சுருங்கிவிடும். கை தேடும், கம்பு ஊன்றும், இப்படியே கம்பி நீளும்.

அண்ணன் மகள் சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்து கேட்டாள்: "அத்தை, அஞ்சாம் மாச ஸ்கேன்ல நானே பார்த்தேன், மூளையில வரிவரியா மடிப்பு எதுவும் தெரியலையே, படத்துல எல்லாம் இருக்குமே?" அந்த மாதத்தில் மூளை ஏறக்குறைய வழவழப்பாகத்தான் இருக்கும், அது இயல்பு. பெரிய பள்ளங்கள் ஒன்றிரண்டு மட்டும் அப்போதுதான் ஆரம்பித்திருக்கும். உச்சிக்கு ஏறிய நியூரான்கள் கிளைவிட்டு மேலடுக்கு விரிய, அந்த விரிவுக்கு உள்ளே இடம் போதாமல் பரப்பு மடிய ஆரம்பிக்கும். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். அந்த மடிப்புகள் இந்த வாரங்களில்தான் மளமளவென்று விழுந்துகொண்டிருக்கின்றன என்று சொன்னேன். வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு, வளையல் குலுங்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.